நீலம் வரக்கூடாத மூன்று வில்லைகள்

1998 ஆகஸ்ட் 13, வியாழக்கிழமை. காலை 4.40க்கு எழுந்தேன். இரவு முழுக்கப் பெய்த மழை விட்டிருந்தது. விறகு ஈரமாக இருந்ததால் அடுப்பு பிடிக்கப் பன்னிரண்டு நிமிடம் ஆனது. தேத்தண்ணீர் 5.05. ஆறு ரொட்டி, தேங்காய்ச் சம்பல். என் கணவர் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். பேர் கூப்பிடும் நேரத்துக்குப் பிரட்டுக் களத்தில் நிற்க வேண்டும் என்பதால் 5.45க்குக் குடையுடன் இறங்கிவிட்டார். பாடசாலை விடுமுறை. இரண்டு சேலை துவைத்தேன், முற்றத்தைக் கூட்டினேன், கோழிகளைத் திறந்துவிட்டேன். 7.20 பஸ்ஸைப் பிடித்துப் பெல்மதுளைக்குப் புறப்பட்டேன். நாட்குறிப்பில் அன்றைய பக்கத்தில் இவ்வளவையும் பஸ்ஸில் வைத்தே எழுதியிருக்கிறேன், எழுத்து ஆடியிருக்கிறது.

போன காரியம் மூன்று வெள்ளை வில்லைகளை வாங்கி வருவது.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. தோட்டப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டே, கொழும்பில் ஒரு பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாக முதுமெய்யியல் பட்டத்துக்குப் பதிந்திருந்தேன். பெரோவ்ஸ்கைட் வகை ஒட்சைட்டு மட்பொருள் இரண்டின் மின், காந்த இயல்புகள் என்பது தலைப்பு. ஒன்று கறுப்பு, மங்கனீசு கலந்தது. மற்றது வெள்ளை, பேரியமும் தைத்தேனியமும் சேர்ந்தது. இரண்டையும் மாவாக அரைத்து, அச்சில் அழுத்தி, சட்டைப் பொத்தான் அளவு வில்லையாக்கிச் சுட வேண்டும். நிறம் வேறானாலும் இரண்டின் உள்கட்டு ஒன்றே. ஒட்சிசன் அணுக்கள் ஒரு கூடு கட்டியிருக்கும். கூட்டின் நடுவில் ஒரு சிறிய அணு இருக்கும். மிளகு ஒன்றைச் சின்னப் பெட்டிக்குள் போட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பொருளில் அந்த மிளகு நட்ட நடுவில் இராமல் ஒரு பக்கச் சுவரை நோக்கிக் கொஞ்சம் சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வினால்தான் அந்தப் பொருள் ஏராளமான மின்னேற்றத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கொதிநீரை விடச் சற்று அதிகமாகச் சூடாக்கினால் மிளகு நடுவுக்கு வந்துவிடும். அந்த வெப்பநிலையை அளந்து காட்டுவதுதான் என் கடைசி அத்தியாயம்.

கறுப்பின் வேலை முன்பே முடிந்துவிட்டது. அது காந்தத்தோடு ஒட்டும், சூடேறினால் விட்டுவிடும். அளந்து முடித்த பிறகு உடைந்த ஒரு துண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து கணவருக்குக் காட்டினேன். கண்ணாடிக் குவளைக்குள் துண்டைப் போட்டு, வெளிப்பக்கம் காந்தத்தைப் பிடித்தேன். துண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டது. கேத்தலில் இருந்து வெந்நீர் ஊற்றினேன். கொஞ்ச நேரம் ஒட்டியே இருந்தது. பிறகு நழுவி அடியில் விழுந்தது. தண்ணீர் ஆறியதும் காந்தம் மறுபடி அதை இழுத்துக்கொண்டது.

"சூடு ஏறுனா ஒறவே வேணாங்குது, ஆறுனதும் தானா வந்து ஒட்டிக்கிது" என்றார் அவர். "கோவக்காரப் புள்ளைதான்."

"இந்த வீட்டுல அப்படி இன்னொண்ணும் இருக்குங்க" என்றேன்.

"நான் ஆபீசுக்குப் போறேன் டீச்சரம்மா" என்று எழுந்துவிட்டார்.

வெள்ளையில்தான் சிக்கல். அதைச் சுடுவதற்கான உலை பல்கலைக்கழகத்தில் மே மாதமே பழுதாகிவிட்டது. வெப்பமேற்றும் தண்டுகள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும் என்றார்கள். என் பதிவுக் காலம் ஏற்கெனவே இரண்டு முறை நீடிக்கப்பட்டிருந்தது. ஆகஸ்ட் முடிவோடு அதுவும் தீரும். மூன்றாம் முறை இல்லை என்று கடிதத்திலேயே எழுதியிருந்தார்கள். அளக்கும் கருவியில் எனக்குக் கிடைத்த கடைசி நாள் 14ஆம் திகதி, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி. அதற்குப் பிறகு மாத இறுதி வரை அது வேறு மாணவர்களுக்கு. அன்று வெள்ளை வில்லையோடு போகாவிட்டால் ஏழு வருட வேலையும் கறுப்போடு நின்றுவிடும், பட்டம் இல்லை.

அவ்வளவு வெப்பம் தரக்கூடிய வேறு உலை எங்கே இருக்கிறது என்று யோசித்தபோது சிரிப்பு வந்தது. இரத்தினபுரி மாவட்டத்தில் வாழ்ந்துகொண்டு உலையைத் தேடலாமா? இங்கே கல் சுடுகிறார்கள். கெவுடா என்று ஒரு கல் உண்டு. பால் கலந்த தண்ணீர் போல மங்கலாக இருக்கும். மண்ணிலிருந்து எடுக்கும்போது யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். பக்குவமாகச் சுட்டால் நீலக்கல்லாகிவிடும். பெல்மதுளையில் ஒரு முதலாளியின் பட்டறையில் அப்படிச் சுடுபவர் கொடகவெலப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயக் குடியிருப்பில் பிறந்தவர். ஐம்பது வயதிருக்கும். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். அந்த உரிமையில் கேட்டேன். முதலாளியும் தலையாட்டினார். மூன்று வில்லைகளைப் புதன்கிழமை காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். எந்த வெப்பத்தில் எத்தனை மணி நேரம், எவ்வளவு மெதுவாக ஏற்றி எவ்வளவு மெதுவாக இறக்க வேண்டும் என்று ஒரு முழுத்தாளில் தமிழில் எழுதி, அவருக்கு வாசித்தும் காட்டினேன்.

பக்கத்தில் இருந்து பார்க்க மட்டும் அவர் விடவில்லை. கல் தோண்டும் பத்தல் குழிக்குப் பக்கத்தில் பெண்கள் போகக்கூடாது என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த வழக்கம். அவர் அதை உலைக்கும் பிடித்து வைத்திருந்தார்.

"டீச்சர் கோவிச்சுக்காதீங்க. நெருப்புல கல்லு கண்ணத் தொறக்குற நேரம் பொம்பளைங்க நெழல் விழக்கூடாது. எம் பொண்டாட்டியே சோத்த அந்தக் கேட்டுல வச்சிட்டுத்தான் போவா" என்றார்.

நான் எழுதிய தாள் இருக்கிறதே என்ற தைரியத்தில் திரும்பிவிட்டேன்.

வியாழன் 8.10க்குப் பட்டறை வாசலில் நின்றேன். அவர் எனக்காகக் காத்திருந்தவர் போலக் கேட்டுக்கு ஓடி வந்தார். சாரத்தின் மடிப்பிலிருந்து ஒரு பஞ்சுப் பொதியை எடுத்தார். கல்யாண வீட்டுக்காரர் முகம்.

"டீச்சர், நீலம் வந்திருச்சு!"

பொதியைப் பிரித்தார். மூன்று வில்லைகளும் கருநீலம். மழைக்கு முன் மலைக்கு மேல் வருமே, அந்த நிறம்.

"நேத்து வெள்ளையா சுண்ணாம்பு மாதிரி குடுத்தீங்க. இப்பப் பாருங்க. மூணும் ஒரே கலரு. ஒண்ணுகூட வெளுத்துப் போகல. முதலாளியே 'ஷா, நியமாய்'ன்னு சிங்களத்துல மெச்சிட்டாரு."

பையிலிருந்து மின்தடை பார்க்கும் மீட்டரை எடுத்து, இரண்டு முனைகளையும் ஒரு வில்லையின் இரு பக்கங்களில் வைத்தேன். ஊசி சாடி ஓடியது. மின்னைப் பிடித்து வைக்க வேண்டிய பொருள் மின்னைக் கம்பி போலக் கடத்திக்கொண்டிருந்தது. மற்ற இரண்டும் அப்படியே.

"பாருங்க, உசுரு இருக்கு!" என்றார் அவர், ஊசியைக் காட்டி.

"அண்ணே, கடைசில என்னா செஞ்சீங்க?"

"நீங்க எழுதிக் குடுத்ததுதான். ஒரு நிமிசம் தப்பல. கடைசி முக்கால் மணி நேரம் மட்டும் காத்த அடைச்சு காஸ கூட்டி வச்சேன்."

"ஏன்?"

என்ன கேள்வி இது என்பது போலப் பார்த்தார். "காத்த அடைக்காம எப்படிங்க நீலம் வரும்?"

கேட்டுக்கு வெளியே ஒரு பலகைக் கல் இருந்தது. அதில் உட்கார்ந்தேன். அவரிடம் பிழை இல்லை. கல் சுடும் எவரும் செய்வதைத்தான், அதிலும் சிறந்ததைத்தான், கேட்காமலே எனக்காகச் செய்திருந்தார். பிழை என் தாளில். வெப்பம், நேரம், ஏற்றம், இறக்கம் எல்லாம் இருந்தன. காற்று என்ற சொல்லே அதில் இல்லை. பல்கலைக்கழக உலை மின்சாரத்தில் இயங்குவது. உள்ளே எப்போதும் சாதாரணக் காற்றுத்தான் இருக்கும். காஸ் நெருப்பு, காற்று குறைந்தால் வில்லைக்குள் இருக்கும் ஒட்சிசனையே பிடுங்கி எரிந்துவிடும் என்பதை ஒவ்வொரு வருடமும் பிள்ளைகளுக்கு வேறு உதாரணம் சொல்லிப் படிப்பிக்கிறேன். பிடுங்கப்பட்ட ஒட்சிசன் விட்டுச்சென்ற இலத்திரன்கள் கூட்டுக்குக் கூடு அலையும். அந்த அலைச்சல்தான் நீலம். ஊசி ஓடியதும் அதனால்தான்.

எதிர்ச் சாரியில் இருந்த கொமினிகேஷன் கடைக்குப் போய் என் மேற்பார்வையாளருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் சிங்களவர், ஆங்கிலத்தில் பேசிக்கொள்வோம். முழுவதையும் கேட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்ததற்கு மன்னிப்பும் கேட்டார். நீலமும் அழகான விளைவுதான், ஆனால் உன் தலைப்பு அதுவல்ல, அதை எழுத இன்னொரு வருடம் வேண்டும் என்றார். காற்றோடு திரும்பச் சுட்டுப் பார், ஒட்சிசன் வெளியே போன வழியிலேயே உள்ளே வரும், வில்லை மெல்லியதுதானே என்றார். வராவிட்டால் என்று கேட்டேன். நாளைக்கு இரண்டு மணிக்குப் பார்ப்போம் என்று வைத்துவிட்டார்.

திரும்பி வந்து கேட்டில் நின்றேன்.

"அண்ணே, இந்த மூணையும் இன்னொருக்கா சுடணும். இந்த நீலம் போகணும்."

அவருக்கு விளங்கவில்லை. நான் சொன்னது விளங்கியபோது இரண்டு அடி பின்னுக்குப் போனார்.

"வெளுக்கச் சொல்றீங்களா?"

"ஆமா."

"டீச்சர், இருவத்தேழு வருசமா நெருப்புல நிக்கிறேன். ஒரு கல்லு வெளுத்துப் போனா அன்னைக்கு நான் சோறு திங்க மாட்டேன். வேணும்னே வெளுக்க வைக்கச் சொல்றீங்க. ரோட்டுல நாலு பேரு கேட்டா சிரிப்பானுங்க."

"வெள்ளையா இருந்தாத்தான் எனக்குப் பாஸ், அண்ணே. நாளைக்கு ரெண்டு மணிக்குக் கொழும்புல நிக்கணும். இல்லாட்டி ஏழு வருசம் படிச்சது அவ்வளவுதான்."

அவர் வில்லைகளைப் பார்த்தார். உலையைத் திரும்பிப் பார்த்தார். அன்றைக்கு முதலாளியின் ஒரு தொகைக் கெவுடா வேறு காத்திருந்தது. முதலாளி இரத்தினபுரிக்குப் போயிருந்தார்.

"முதலாளி கேட்டா, மூசைக்குப் பூசுனது காயல, மழைதானே, கல்ல நாளைக்கு வைக்கிறேன்னு சொல்றேன்" என்றார் கடைசியில். மூசை என்பது கற்களை வைத்து நெருப்பில் இறக்கும் கிண்ணம்.

"இன்னொண்ணு. இந்தத் தடவை நான் பக்கத்துல நிக்கணும்."

"அது முடியாது."

"நேத்து நின்னிருந்தா காத்த அடைக்க விட்டிருக்க மாட்டேன்."

"அடைக்க மாட்டேன்னு சொல்றேன்ல."

"உங்க கை தானாப் போயிரும், அண்ணே. பழக்கம்."

அவர் பீடி பற்ற வைத்தார். பிறகு ஒரு வில்லையை எடுத்து நகத்தால் தட்டி, காதருகே வைத்துக் கேட்டார். முன் பல்லில் உரசிப் பார்த்தார்.

"இது எந்த ஆத்துல எடுத்தது?"

"எடுக்கல. மாவு. நான்தான் அரைச்சு அழுத்தினேன்."

"மண்ணுக்குள்ள இருந்து வரலையா?"

"பவுடர் போத்தல்ல இருந்து வந்துச்சு."

"அப்ப இது கல்லே இல்லயே" என்றார். குரலிலிருந்து பெரிய பாரம் இறங்கியிருந்தது. "இது ஓடு. கூரை ஓடு மாதிரி. ஓட்டுக்கு ஏது கண்ணு? ஓடு சுடுற சூளைல பொம்பளைங்கதானே வேலையே செய்றாங்க. வாங்க டீச்சர், உள்ள வாங்க."

கூரை ஓடு என்ற சொல்லை என் ஆய்வுக்கு யாரும் அதற்கு முன் சொன்னதில்லை. நன்றியோடு உள்ளே போனேன்.

10.25க்கு உலை மூட்டினார். சிமெந்து பீப்பாய் அளவுதான் இருக்கும். உள்ளே வெள்ளைச் செங்கல் பதித்தது. ஒரு பக்கம் காஸ் திருகு, மறு பக்கம் காற்றுக் குழாய். மூசைக்கு மூடி போட அவர் கை போனது, வேண்டாம் என்றேன். மூடியில்லாமல் வைத்தார். முதல் நாளை விடக் குறைந்த வெப்பம் போதும், நேரம்தான் நீள வேண்டும் என்று விளக்கினேன். 12.05க்கு வேண்டிய வெப்பம் வந்தது. அங்கிருந்து நான்கு மணி நேரம்.

கறுப்புக் கண்ணாடியைக் கொடுத்து உலைச் சுவரில் இருந்த ஓட்டை வழியாகப் பார்க்கச் சொன்னார். உள்ளே வில்லை எது, செங்கல் எது, நெருப்பு எது என்று பிரித்தறிய முடியவில்லை. எல்லாம் ஒரே ஆரஞ்சு.

"ஒண்ணும் தெரியலண்ணே."

"தெரியாது. சுவாலையோட நாக்கப் பாருங்க. ஓட்டைக்கு வெளிய நீட்டுனா காத்து பத்தல. உள்ள இழுத்தா காத்து கூட. இப்ப உள்ள இழுக்குது பாருங்க."

அதையும் எழுதிக்கொண்டேன். என்னுடைய எந்தப் புத்தகத்திலும் இல்லாத அளவுகோல். ஆய்வில் அந்த வரியைப் பிறகு சேர்த்தேன். ஆங்கிலத்தில் நாக்கு என்று எழுதத் தயங்கி வேறு சொல் போட்டேன்.

மதியம் அவருடைய மனைவி சோற்றுப் பொதியோடு வந்தார். கேட்டில் வைத்துவிட்டுத் திரும்பப் போனவர், உலைக்குப் பக்கத்தில் முக்காலியில் நான் உட்கார்ந்திருப்பதைக் கண்டு நின்றுவிட்டார்.

"என்னாங்க இது? இருவது வருசமா எனக்கு இந்தக் கேட்டு. டீச்சருக்கு முக்காலியா?"

"அது கல்லு இல்லடி, ஓடு."

"அப்ப நாளையிலிருந்து நீங்க ஓடே சுடுங்க. நானும் உள்ள வந்து ஒக்காந்து சோறு போடுறேன்."

அவர் காற்றுக் குழாயைத் துடைத்தார். அந்தம்மா என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டிவிட்டு, பொதியை மறுபடி எடுத்து, கேட்டைத் தாண்டி ஓரடி உள்ளே வந்து, அங்கே வைத்துவிட்டுப் போனார்.

3.20 மணி. நான்கு மணி நேரம் முடிய இன்னும் நாற்பத்தைந்து நிமிடம். அவர் ஏதோ பழைய கதை சொல்லிக்கொண்டிருந்தார்: பத்தலில் வெள்ளம் ஏறியபோது மோட்டரைக் காப்பாற்றிய கதை. பேச்சு நிற்கவில்லை, கை மட்டும் காற்றுத் திருகை நோக்கிப் போனது.

"அண்ணே!"

கை அந்தரத்தில் நின்றது. அதை வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்தார்.

"நான் நீட்டலீங்க. அதுவாப் போகுது" என்றார். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். 4.05 வரை அப்படியே இருந்தார். பீடிகூடப் பிடிக்கவில்லை. அந்த நாற்பத்தைந்து நிமிடத்தில் அவர் பட்ட பாடு, ஏழு வருடத்தில் நான் பட்டதற்குக் குறைந்ததல்ல என்று அன்றைய பக்கத்தில் எழுதியிருக்கிறேன். இப்போது வாசிக்கும்போது கொஞ்சம் கூடுதலாகத் தோன்றுகிறது. ஆனாலும் அந்த வரியை அடிக்கவில்லை.

4.05க்குக் காஸைப் படிப்படியாகக் குறைத்தார். காற்று ஓடிக்கொண்டே இருக்கட்டும், இரவில் தானாக ஆறட்டும், விடியும் வரை யாரும் திறக்கக்கூடாது என்று முடிவு செய்தோம். நீலம் போயிருக்குமா என்று கேட்டேன். "கல்லுன்னா சொல்லிருவேன். ஓட்டப் பத்தி எனக்கு என்னா தெரியும்" என்றார்.

வீட்டுக்கு வரும்போது 6.15. கணவர் பருப்பு அவித்து வைத்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். அவர், என் பாடசாலை அதிபரிடம் அன்றே போய் வாங்கி வந்த கடிதத்தை மேசையில் வைத்தார். நான் இன்ன பாடசாலையின் ஆசிரியை, பல்கலைக்கழக வேலைக்காக மட்பொருள் வில்லைகளும் மீட்டரும் வயர்களும் கொண்டு போகிறேன் என்று சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி முத்திரை குத்தியிருந்தது. யுத்த காலம்; கொழும்புப் பாதையில் எத்தனை சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறக்கிப் பையைத் திறக்கச் சொல்வார்கள் என்பது அந்த வருடத்தில் யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

"நீலமாவே இருந்தா?" என்று கேட்டேன்.

"நீலமா இருந்தாலும் கடுதாசி செல்லும். கலரு எழுதல" என்றார்.

சிரித்தேன். அடையாள அட்டையையும் கடிதத்தையும் ஒன்றாக மடித்து வைத்தேன். 8.50க்குப் படுத்தேன். உறக்கம் வந்த நேரம் எழுதப்படவில்லை.

14ஆம் திகதி, வெள்ளிக்கிழமை. முதல் பஸ்ஸில் 5.50க்குப் பெல்மதுளை. மழை இல்லை, பனி கீழே இறங்கியிருந்தது. அவர் உலையருகில் நின்றிருந்தார். உலை மூடியைத் தொடவில்லை. இடுக்கியை என்னிடம் நீட்டினார்.

"நீங்களே எடுங்க. வெளுத்ததப் பாக்க எனக்கு ஏலாது."

உலை மூடியைத் திறந்தேன். மூசைக்குள் இரண்டு வில்லைகள் தேங்காய்ச் சொட்டு நிறத்தில் இருந்தன. மூன்றாவது கொஞ்சம் தடித்தது. விளிம்பு வெளுத்து, நடுவில் மேகம் போல ஒரு சாம்பல் நீலம் மிஞ்சியிருந்தது. அவர் எட்டிப் பார்த்தார். பார்க்க மாட்டேன் என்றவர்தான்.

"அந்தா, அதுல கொஞ்சம் தப்பிச்சிருச்சு" என்றார். மகிழ்ச்சியை மறைக்கத் தெரியவில்லை.

கொழும்பு பஸ் 6.45க்கு. முதல் வேலையாக, மீட்டரின் இரண்டு முனைகளையும் முதல் வெள்ளை வில்லையில் வைத்தேன். ஊசி அசையவில்லை. இரண்டாவதில் வைத்தேன்; அசையவில்லை. இரண்டையும் தனித்தனிப் பஞ்சில் சுற்றி, பிலிம் டப்பாவில் போட்டு, 1, 2 என்று எழுதி ஒட்டினேன். மூன்றாவதை அவர் கையிலேயே கொடுத்துவிட்டு பஸ் நிலையத்துக்கு நடந்தேன்.